மூலத்துடன் ஒப்பிட்டுச் சரி எனக் கண்டேன்

எங்கள் வாய்க்கால் வரிசையில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கடதாசியக்கா என்பார்கள். முகத்துக்கு நேரேயும் அப்படித்தான். அவர் கோபித்ததில்லை. "ஓம், நான் கடதாசிக்காரிதான். உங்களிட்ட என்ன கிடக்கு? வாய் மட்டும்தானே" என்று திருப்பிக் கொடுப்பார்.

உரப்பையின் உள்ளே தடித்த பொலித்தீன் உறை ஒன்று வரும். அதை மடித்து ஓரம் தைத்து, தோளில் மாட்ட ஒரு பட்டியும் வைத்து, பை ஒன்று செய்திருந்தார். குடாநாட்டில் இருந்த வீட்டை ஒரே பின்னேரத்தில் விட்டு, இரண்டு பிள்ளைகளோடும் இந்தப் பையோடும் வள்ளம் ஏறி வன்னிக்கு வந்தவர். "வீட்டுத் திறப்பை மறந்து வந்திட்டன் ஐயா. உறுதியைக் கொண்டு வந்திட்டன்" என்பார். காணி உறுதி, புருசனின் மரணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இடம்பெயர்ந்த ஒவ்வொரு ஊரிலும் கொடுத்த நிவாரண அட்டை, எப்போதோ உடைந்துபோன சைக்கிளின் லைசன்ஸ் எல்லாம் அதற்குள் இருந்தன. கண்டாவளைப் பக்கம் குடியேறி, நெல் அவித்துக் குற்றி அரிசி விற்றுப் பிழைத்த காலத்திலும் அந்தப் பை குசினிக் கூரை வளையில், கை நீட்டினால் எட்டும் உயரத்தில் தொங்கியது.

ஒருமுறை கீழ் வாய்க்கால்காரர் ஒருவர் அவருடைய கன்றுக்குட்டியைத் தன்னுடையது என்று கட்டிக்கொண்டு போய்விட்டார். ஊர் கூடிவிட்டது.

"இது உம்மட கண்டோ? எப்ப பிறந்தது?" என்று கேட்டார் அக்கா.

"போன மாரிக்கு."

"எத்தினையாம் திகதி?"

"கண்டுக்குட்டிக்கு ஆரப்பா திகதி பாக்கிறது!"

அக்கா பையிலிருந்து மாட்டு வைத்தியர் தடுப்பூசி போட்டுவிட்டுக் கொடுத்த துண்டை எடுத்தார். வலக்காதில் வெள்ளைப் புள்ளி, நெற்றியில் சுழி, திகதி, கையெழுத்து. கன்று கயிற்றோடு திரும்பி வந்தது. மாட்டுக்கும் பிறப்பத்தாட்சி எடுத்தவ என்று ஊர் ஒரு மாதம் சிரித்தது.

நான் கச்சேரியில், இப்போது மாவட்டச் செயலகம் என்கிறார்கள், முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆங்கிலக் கடிதத்தைத் தமிழாக்கி, அடியில் 'மூலத்துடன் ஒப்பிட்டுச் சரி எனக் கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்து வைப்பது என் தொழில். அந்த முப்பது வருடத்தில் ஒரு நாளும் பொய்யாக எழுதியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒருமுறை எழுதினேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவரைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

அவர் எனக்கு அடுத்த வளவில் இருந்தார். தமிழ் நன்றாக வாசிப்பார். நான் எழுதிக் கொடுக்கும் மனுக்களைக்கூட மூன்று தடவை வாசித்துத்தான் கையெழுத்து வைப்பார். "ஐயா, 'தயவுகூர்ந்து' எண்டு ரெண்டு தரம் போட்டிருக்கிறியள். ஒண்டை வெட்டுங்கோ. கனக்கக் கெஞ்சினால் கள்ளர் எண்டு நினைப்பினம்." கச்சேரியில் எனக்கு மேலிருந்த ஒருவரும் என் எழுத்தை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

மூத்தவனைப் பதினாறு வயதில், இருந்த நகையை விற்று, லண்டனில் இருந்த தன் தம்பியிடம் அனுப்பியிருந்தார். சமாதான காலத்தில் ஏ-ஒன்பது பாதை திறந்ததும் அவன் தாயைப் பார்க்க வந்தான். நெடுவல் பெடியன். விடியற்காலையில் வாய்க்கால் கட்டால் பிரதான வீதி வரை ஓடிவிட்டுத் திரும்பி ஓடி வருவான். பக்கத்து வளவு அப்பு வேலியில் நின்று கேட்டார்.

"தம்பி, ஆர் துரத்துறது?"

"ஒருத்தரும் இல்லை அப்பு. பழக்கம்."

"துரத்தாமல் ஓடுறவனை இப்பதான் பாக்கிறன்."

அவன் அந்த நாட்டுப் பட்டாளத்தில் சேர்ந்திருந்தான். மற்ற எந்தத் தாயும் இதை மறைத்திருப்பாள். ஆமி என்றால் எங்களுக்கு ஓர் ஆமிதான், எங்களைத் துரத்திய ஆமி. அக்கா சங்கக்கடை வரிசையில் நின்றுகொண்டு, "என்ர மோன் ஆமியிலயெல்லோ" என்றார். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மாவு நிறுத்துக்கொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றது. "லண்டன் ஆமி. பயப்பிடாமல் நிறுங்கோ" என்றார்.

நான் அவனிடம் தனியாகக் கேட்டேன். "உனக்கேன் தம்பி இந்த வேலை?"

"அந்த நாடு எனக்குக் கடதாசி தந்தது ஐயா. கன வருசம் ஒரு நாடும் தரேல்லை" என்றான். தாயின் பிள்ளை.

போகும்போது தங்கைக்கு ஒரு தையல் மெசின் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அவளுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். என் மகளை விட இரண்டு வயது இளையவள். இரண்டு பேரும் அந்த மெசினில் மாறி மாறித் தைப்பார்கள்.

பாதை மறுபடி மூடிய அடுத்த வருடம் ஆப்கானிஸ்தானில் அவன் செத்துப்போனான். கிளிநொச்சித் தொலைபேசி நிலையத்துக்கு லண்டனிலிருந்து மாமன்காரன் எடுத்துச் சொன்னான். உடலை லண்டனிலேயே அடக்கம் செய்தார்கள். தாய் போக வழியில்லை. மூன்று மாதம் கழித்து வவுனியாவிலிருந்து வந்த பாதர் ஒருவர் கையோடு ஒரு கடிதமும் ஒரு படமும் கொண்டு வந்தார்.

கடிதத்தை என்னிடம் எடுத்து வந்து அக்கா கதிரையில் இருந்தார். அழவில்லை. "சுருக்காதேங்கோ ஐயா. எனக்காக ஒரு சொல்லையும் விடாதேங்கோ. எந்தச் சொல்லை வாசிக்கிறியளோ அதில விரலை வையுங்கோ" என்றார்.

விரல் வைத்து வாசித்தேன். அவனுடைய அதிகாரி எழுதியிருந்தார். ரோந்து போனபோது சூடு விழுந்தது. காயப்பட்ட இரண்டு பேரை உங்கள் மகன் ஒவ்வொருவராக இழுத்து வந்து மண்சுவர் மறைவில் கிடத்தினான். மூன்றாவது ஆளுக்காகத் திரும்பிப் போனபோது சுடப்பட்டான். உடனே உயிர் போயிற்று.

"முதல் ரெண்டு பேரும் தப்பீட்டினமோ?"

"தப்பீட்டினம் எண்டு கிடக்கு."

"பேர் போட்டிருக்கோ?"

"இல்லைப் பிள்ளை."

"போட்டிருக்கலாம்" என்றார். பிறகு, "இதில எந்தச் சொல்லு சுட்டது?" என்று கேட்டார். காட்டினேன். என் மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து அந்தச் சொல்லின் கீழே ஒரு புள்ளி வைத்தார். மூன்று தடவை வாசிக்க வைத்தார். ஒவ்வொரு தடவையும் அந்தப் புள்ளி வரும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் கார்த்திகையில், மாலை மணி அடித்து ஊரெல்லாம் இயக்கத்தில் செத்த தங்கள் பிள்ளைகளின் கல்லுக்கு முன்னால் விளக்கேற்றிய நேரத்தில், அவர் முற்றத்தில் ஒரு கதிரையை வைத்து, அதில் மகனின் படத்தை வைத்து, விளக்கேற்றினார். கல்லறைக்குப் போய்த் திரும்பிய பெண் ஒருத்தி படலையில் நின்று, "அது ஆரின்ர சண்டையோ, அதுக்கும் விளக்கோ?" என்றாள். எனக்குக் கேட்டது.

அக்கா திரியைத் தூண்டிக்கொண்டே சொன்னார்: "உங்கட பிள்ளையளுக்குக் கல்லுக் கிடக்கு. என்ர பிள்ளைக்குக் கதிரையாவது கிடக்கட்டும்."

அதன் பிறகுதான் இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒருவர் என்ற கதை கட்டாயமாக மாறியது. ஏற்கனவே பிள்ளையைக் கொடுத்த வீட்டை, சண்டையில் பிள்ளையை இழந்த வீட்டை விட்டுவிட்டு மற்ற வீடுகளைப் பட்டியல் போட்டார்கள். எங்கள் வரிசையில் மிஞ்சியவை இரண்டு. ஒன்று அக்காவுடையது. மற்றது என்னுடையது. இந்த மாதம் அக்கா வீட்டில் ஒருவர், அடுத்த மாதம் உங்கள் வீட்டில் என்று வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு பெண்பிள்ளைதான்.

கலியாணம் முடித்தவர்களை அப்போது எடுப்பதில்லை. ஊரில் கிழமைக்கு ஒரு தாலி ஏறியது. என் மகளுக்கு ஒரு சம்பந்தம் பேச்சில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதம் அவகாசம் கேட்டிருந்தார்கள். அக்காவின் மகளுக்கும் மச்சாள்காரி ஒரு பெடியனைக் கொண்டு வந்தாள். மூன்றாம் நாளே கலியாண எழுத்து வைக்க அவன் தயார்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "பெட்டைக்கு இருவது வயசு. அவசரப்பட்டு விக்க அவள் என்ன பழுதாகிற மீனோ? என்ர வீடு ஒரு பிள்ளையைச் சண்டைக்குக் குடுத்திட்டுது. கடதாசி கிடக்கு. என்ன ஐயா, காணுமெல்லோ?"

"காணும் பிள்ளை, இதுவே போதும். பலமான கடதாசி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அந்த நேரம் அதன் மறுபக்கத்தை நான் யோசிக்கவில்லை. மச்சாள்காரி கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் அக்கா கடிதத்தோடு இயக்க அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்து எனக்கு ஆள் வந்தது. பொறுப்பாக இருந்தவன் முப்பது வயதுக்கு உட்பட்டவன், மரியாதையான பேச்சு. அக்காவும் அங்கேயே வாங்கில் இருந்தார்.

"ஐயா, எங்களுக்கு இப்பிடியொரு கேஸ் முதல் வந்ததில்லை. இன்னொரு நாட்டு ஆமியில செத்த பிள்ளை. சண்டையில செத்ததெண்டால் நான் மேல கேட்டுப் பாக்கலாம். அவை என்ன சொல்லுவினமோ தெரியாது. விபத்து, நோய் வருத்தம் எண்டால் கேக்கவே தேவையில்லை. நீங்கள் வடிவா வாசிச்சுத் தமிழில எழுதி, உங்கட கையெழுத்தும் வைச்சுத் தாங்கோ."

அக்கா எழுந்தார். "நெல்லு அவியப் போட்டிட்டு வந்தனான், அடிப்பிடிக்கப் போகுது. ஐயா எழுதினால் நான் பாக்கத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மாட்டு வைத்தியரின் துண்டைக்கூட எழுத்துக் கூட்டி வாசிக்கும் மனுசி. அந்த ஒரு கடதாசியைத்தான் வாசிக்காமல் விட்டார்.

ஒரு மேசையும் வெள்ளைத் தாளும் தந்தார்கள். பென்சில் புள்ளி எனக்கு நேரே இருந்தது. அப்போதுதான் யோசித்தேன். அக்காவின் வீடு பட்டியலிலிருந்து வெட்டுப்பட்டால் இந்த மாதம் என் வீடு. வெட்டுப்படாவிட்டால் எனக்கு ஒரு மாதம் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டதும் அந்த ஒரு மாதம்தான்.

பயந்து கை நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை. என் வழமையான கையெழுத்தில், பிழையில்லாத தமிழில், 'பணியின்போது ஏற்பட்ட வாகன விபத்தில் மரணமானார்' என்று எழுதினேன். அடியில் வழமையான வசனத்தையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். வாங்கிப் பார்த்தவன், "பாவம்" என்றான். எனக்குத் தேத்தண்ணி கொடுத்தான். குடித்தேன்.

உண்மையை எழுதியிருந்தாலும் மேலிடம் ஒத்துக்கொண்டிருக்காது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லி வந்தேன். இருக்கலாம். ஆனால் கேட்டுப் பார்க்க ஒருவன் தயாராக இருந்தான். அவன் கேட்காதபடி செய்தவன் நான்.

மூன்று நாள் கழித்து அக்கா என் முற்றத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "விபத்தெண்டு சொல்லுறாங்கள் ஐயா! அது சேராதாம். அவங்களுக்கு வாசிக்கத் தெரியேல்லை."

"அவங்கள் தாங்கள் நினைச்சதைத்தான் சொல்லுவாங்கள் பிள்ளை" என்றேன்.

"விசர் கதை. நீங்கள் வடிவா எழுதினனீங்கள்தானே?"

"ஓம்."

"அப்ப திருப்பி ஒரு மனு எழுதுவம்."

எழுதிக் கொடுத்தேன். நல்ல மனு. அதை அவர் மூன்று தடவை வாசித்தார், ஒரு திருத்தமும் சொல்லவில்லை. அவர்களுடைய அலுவலகக் கோவையில் என் முதல் தாள் இருக்கும் வரை அந்த மனுவால் ஒன்றும் ஆகாது என்பது எனக்குத் தெரியும்.

அந்தக் கிழமை, முற்றத்துப் பாயில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில் வந்து மகளைக் கூட்டிப் போனார்கள். அக்கா படலையில் நின்று கடிதத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, "இஞ்ச பாருங்கோ, இஞ்ச எழுதிக் கிடக்கு, இதை வாசியுங்கோ" என்று ஒவ்வொருவரிடமும் நீட்டினார். நான் என் வேலிக்குப் பின்னால் நின்றேன். வாகனத்தில் ஏறும்போது அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்து, "அம்மா, மழை வந்தால் நெல்லை அள்ளுங்கோ" என்றாள். அன்றைக்கு மழை வரவில்லை.

அதிலிருந்து இருபத்திரண்டாம் நாள் என் மகளுக்குக் கலியாணம். விருந்துக்கு அக்காதான் அரிசி கொண்டு வந்தார். "உங்கட பிள்ளையாவது தப்பட்டும் ஐயா. உங்களிட்டக் கடதாசி இல்லையே" என்றார்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் நடந்தது. கிளிநொச்சியை விட்டு எல்லோரும் கிழக்கே நகர்ந்தோம். முதல் நாள் எல்லோரும் கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருக்க, அக்கா சைக்கிளில் எங்கேயோ போய்விட்டு வந்தார். எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை. முல்லைத்தீவுக் கடற்கரை வரை ஒரே கூட்டமாகத்தான் போனோம். என் மகள் அப்போது பிள்ளைத்தாச்சி. பதுங்கு குழிக்குள் அக்கா தன் பங்குக் கஞ்சியில் பாதியை அவளுக்கு ஊற்றுவார். தன் மகள் உயிரோடு இருக்கிறாளா என்று போகிற வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்பார். ஒருவருக்கும் தெரியவில்லை. என்னோடு மட்டும் அவர் கதைப்பது குறைந்துவிட்டது. துயரம் என்று நினைத்தேன்.

வவுனியா முகாமில், இரண்டாவது மாதம், ஒரு பகலில் எங்கள் கூடாரத்துக்கு வந்தார். வீடில்லை, மாடில்லை, செருப்பில்லை. உரப்பை தோளில் கிடந்தது. என் மகள் கைக்குழந்தையோடு எழுந்து தண்ணீர் கொடுத்தாள். அவளையும் குழந்தையையும் பார்த்து, "சுகமோ பிள்ளை?" என்று கேட்டு, குழந்தையின் காலைத் தொட்டார். பிறகு என் முன்னால் இருந்து பையைத் திறந்தார்.

முதலில் லண்டன் கடிதத்தை எடுத்து விரித்தார். பக்கத்தில் இன்னொரு தாளை வைத்தார். என் எழுத்து.

"வெளிக்கிடேக்க அவங்களிட்டப் போய் என்ர கோவையைக் கேட்டனான். என்ர கடதாசியை நான் எங்கயும் விட்டிட்டு வாறதில்லை, உங்களுக்குத் தெரியும்தானே. தேடி எடுத்துத் தந்தாங்கள்."

எட்டு மாதம். அந்தக் கஞ்சியை ஊற்றியபோதெல்லாம் இந்தத் தாள் அவருடைய பைக்குள் இருந்திருக்கிறது.

"ஐயா, அண்டைக்கு இதில விரல் வைச்சு சுட்டது எண்டு காட்டினனீங்கள். புள்ளி இப்பவும் கிடக்கு, பாருங்கோ. விபத்து எதில கிடக்கு? அதையும் தொட்டுக் காட்டுங்கோ."

கடிதத்தைப் பார்த்தேன். விரல் வைக்க அதில் இடமில்லை. என் மகள் பின்னால் நின்று, "என்னப்பா?" என்றாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை.

"எனக்கு ஒரு மாதம் தேவைப்பட்டது பிள்ளை" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அது தெரியும் என்பதுபோல. "கேட்டிருந்தால் நான் பெட்டையை அந்தப் பெடியனுக்குக் கட்டிக் குடுத்திருப்பன். கடதாசியை நம்பாதை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்" என்றார். சத்தம் உயரவில்லை. "காணும் எண்டனீங்கள்."

பையிலிருந்து பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றும் பேனையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இப்ப எழுதுங்கோ."

"இப்ப எழுதி என்ன செய்யப் போறியள்?"

"என்ர மோன் வாகனம் பிரண்டு சாகேல்லை. கடதாசி சரியாய்க் கிடக்க வேணும்."

தண்ணீர்க் கானைக் கவிழ்த்து, அதன்மேல் கொப்பியை வைத்து எழுதினேன். காயப்பட்ட இரண்டு பேரை ஒவ்வொருவராக இழுத்து வந்தான். மூன்றாமவருக்காகத் திரும்பிப் போனபோது சுடப்பட்டான். ஒரு சொல்லையும் விடவில்லை. அடியில் 'மூலத்துடன் ஒப்பிட்டுச் சரி எனக் கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அவர் வாங்கி, வரிக்கு வரி விரல் வைத்து மூன்று தடவை வாசித்தார்.

"திகதி போடேல்லை."

பழைய தாளைப் பார்த்தேன். "அந்தத் திகதியையே போடவோ?"

"வேண்டாம். இண்டையான் திகதியைப் போடுங்கோ" என்றார் அக்கா. "எப்ப உண்மையைச் சொன்னனீங்கள் எண்டு தெரியட்டும்."

போட்டேன். மூன்று தாளையும் மடித்துப் பைக்குள் வைத்தார். என் பொய்யையும்தான், கிழிக்கவில்லை. அதோடு எழுந்து, காணாமல் போனவர்களைப் பதியும் வரிசையில் போய் நின்றார். அங்கே மனு எழுத ஆள் தேவைப்பட்டது. முன்னால் நின்ற, நேற்று வரை முன்பின் தெரியாத ஒரு பெட்டையிடம் கொப்பியை நீட்டி, "எனக்கொரு கடதாசி எழுதித் தாறியோ பிள்ளை?" என்று அவர் கேட்டது கூடாரம் வரை கேட்டது.